லாரிக்கு முன்னால் போகும் சீட்டு

தொண்டியிலிருந்து கணவாயும் அவித்த நண்டும் அனுப்பும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "தூத்துக்குடியில் நாங்கள் சரக்குப் போடும் கம்பெனி, அடுத்த மாதத்திலிருந்து லோடுக்கு லோடு ஏ.எஸ்.என். என்ற முன்னறிவிப்பு அனுப்பியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இறக்குவதற்கு நேரம் ஒதுக்க மாட்டோம் என்கிறது. ஏற்கெனவே பில் போகிறது. டிரைவரிடம் எடைச்சீட்டு போகிறது. வண்டி கிளம்பியதும் போனிலும் சொல்லிவிடுகிறோம். இது இன்னொரு காகித வேலைதானா? எங்களுக்கு இதில் என்ன லாபம்? மென்பொருள் எல்லாம் வாங்க வேண்டுமா?"

மென்பொருள் வாங்க வேண்டாம். காகித வேலையா என்றால், நீங்கள் அதை எப்படிச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒப்புக்குச் செய்தால் வெறும் காகித வேலைதான். அது மட்டுமல்ல, உங்கள் கழுத்துக்கே திரும்பி வரும் காகிதம். லாபத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும். மண்டபம் ஊரில் ஒரு வியாபாரியிடம் லோடு அனுப்பும் வேலையில் 11 வருடம் இருந்துவிட்டு, பிறகு ஓர் ஏற்றுமதி ஆலையின் சரக்கு வரவுப் பிரிவில் உட்கார்ந்தவன் நான். அனுப்புகிறவன் திட்டுவதையும் வாங்குகிறவன் திட்டுவதையும் ஒரே காதால் கேட்டிருக்கிறேன்.

ஏ.எஸ்.என். என்பதைச் 'சரக்கு முன்னறிவிப்பு' என்று சொல்லலாம். வண்டிக்குள் இப்போது என்ன இருக்கிறது, எத்தனை பெட்டி, ஒவ்வொரு பெட்டியிலும் எது எத்தனை கிலோ, எந்தக் கொள்முதல் ஆணைக்காக வருகிறது, எப்போது வந்து சேரும் என்பதை, வண்டி போய்ச் சேரும் முன்பே வாங்குகிறவரின் கணினிக்குள் சேர்த்துவிடும் செய்தி அது. இதில் 'இப்போது' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். ஆணையில் கேட்டது என்ன என்பது அவர்களுக்கே தெரியும். நாளைக்கு என்ன பில் வரும் என்பது அவர்களுக்கு அவசரமில்லை. நடுவில் சாலையில் ஓடும் நான்கைந்து மணி நேரத்துக்கு அந்த லாரிக்குள் உண்மையில் என்ன கிடக்கிறது என்பதுதான் அவர்களுக்கு இருட்டு. அந்த இருட்டில் ஏற்றும் விளக்குதான் இது.

ஐஸில் வைத்த மீனுக்கு இந்த இருட்டு இன்னும் அதிகம். சிமெண்டோ துணியோ என்றால் இ-வே பில் என்று ஒன்று போடுகிறார்கள், வண்டி எண் முதற்கொண்டு அதில் இருக்கும். ஐஸ் வைத்த பச்சை மீனுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அதனால் இ-வே பில்லும் கேட்பதில்லை. நல்லதுதான், ஒரு வேலை மிச்சம். ஆனால் அந்தச் சரக்கு சாயல்குடியைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு டிரைவரின் சட்டைப்பையில் இருக்கும் சீட்டைத் தவிர உலகத்தில் வேறு எழுத்தே இல்லை. இ-வே பில் இருந்தாலும் அது அரசாங்கத்துக்குச் சொல்வது. வாங்குகிறவருக்குச் சொல்வது வேறு.

"போனில் சொல்லிவிடுகிறோமே" என்கிறீர்கள். சொல்கிறீர்கள். யாரிடம்? கொள்முதல் மேலாளரிடம். அவர் அப்போது வேறொரு தரகரோடு விலை பேசிக்கொண்டிருப்பார். "சரி சரி, வரட்டும்" என்பார். வாசலில் நிற்கும் காவலாளிக்கு அது தெரியாது. தராசில் நிற்பவருக்குத் தெரியாது. ஐஸ் உடைக்கச் சொல்ல வேண்டியவருக்குத் தெரியாது. சாயங்கால ஷிப்டுக்கு எத்தனை பெண்களை வரச்சொல்வது என்று தீர்மானிக்கிற மேற்பார்வையாளர் அம்மாவுக்கு நிச்சயமாகத் தெரியாது. போனில் சொன்ன சொல் ஒரு ஆளின் காதோடு நின்றுவிடுகிறது. வாட்ஸ்அப்பில் எடைச்சீட்டைப் படம் பிடித்து அனுப்புவதும் ஏறக்குறைய இதே கதைதான். படத்தைப் பார்த்து யாரோ ஒருவர் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டும். தட்டச்சும்போது 46, 64 ஆகும்.

46 என்றதும் என் கதை ஒன்று. எனக்கு இந்த முன்னறிவிப்பின் அருமை புரிந்ததே, நான் அதைத் தப்பாக அனுப்பிய ஒரு நாளில்தான்.

மண்டபத்தில் இருந்த காலம். வாங்குகிற கம்பெனி 60 பெட்டி கணவாய் கேட்டிருந்தது. அப்போதுதான் அவர்களும் முன்னறிவிப்பு முறையைத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுடைய இணையப் பக்கத்தில் ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் ஆணையில் உள்ள அளவு அப்படியே முன்னறிவிப்பாக நிரம்பிவிடும். விடிகாலையிலிருந்து தூக்கம் இல்லை. காற்று அடித்திருந்தது, படகுகள் பாதி வலையோடு திரும்பின. ஏலத்தில் எவ்வளவு அலைந்தும் 46 பெட்டிதான் தேறியது. வண்டியை அனுப்பிவிட்டு, அந்தப் பொத்தானை அழுத்திவிட்டு, டீ குடிக்கப் போனேன். அவர்கள் கணினியில் 60 என்று விழுந்தது. 60 பெட்டிக்கு ஆள் வரச்சொன்னார்கள். மற்றொரு ஊர்க்காரர் 15 பெட்டி கணவாய் இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் வண்டி போய்ச் சேர்ந்து எண்ணிப் பார்த்தபோது 14 பெட்டியைக் காணோம். முதலில் டிரைவரைச் சந்தேகப்பட்டார்கள். பாவம், அந்த மனிதர் வழியில் தண்ணீர் குடிக்கக்கூட நிறுத்தியிருக்கவில்லை. அவரை இரண்டு மணி நேரம் வாசலில் உட்கார வைத்தார்கள். எனக்குப் போன் வந்தபோது, "46 தானே அனுப்பினேன்" என்றேன், ஏதோ அவர்கள்தான் தப்பு செய்ததுபோல. "அப்படியென்றால் 60 என்று எழுதி அனுப்பியது யார்?" என்று கேட்டார் அங்கே இருந்தவர். பதில் இல்லை.

அன்று பிடித்தம் செய்த பணம் பெரிதில்லை. அடுத்த மூன்று மாதம் எங்கள் வண்டியை மட்டும் பெட்டி பெட்டியாகத் திறந்து எண்ணினார்கள். மற்றவர் வண்டி அரை மணி நேரத்தில் வெளியே வந்தது, எங்களுடையது இரண்டரை மணி நேரம் நின்றது. 46 என்று உண்மையை எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த வேறு ஊர்க்காரரின் 15 பெட்டியை வாங்கியிருப்பார்கள். எங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். கேட்ட அளவும் அனுப்பிய அளவும் ஒன்றாக இருக்கும் நாளில் முன்னறிவிப்புக்குப் பெரிய வேலை இல்லை. குறையும் நாளில்தான் அதற்கு வேலை.

நம் கடற்கரையில் குறையாத நாள் எது? தம்பிக்குத் தெரியாததில்லை, ஆனால் தூத்துக்குடியில் குளிரூட்டிய அறையில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பாக் நீரிணையில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் கடலுக்குப் போகின்றன. மற்ற நான்கு நாள் நாட்டுப்படகுகளுக்கு. விசைப்படகுச் சரக்கு கரை ஏறுவது மறுநாள் காலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். நடுவில் புயல் சின்னம் என்றால் கடலுக்குப் போக மீன்வளத் துறை தரும் டோக்கன் கிடையாது. எல்லைப் பிரச்சினையில் படகு சிறைப்பட்டால் வேலைநிறுத்தம். இத்தனைக்கும் நடுவில் ஒரு கம்பெனி 600 கிலோ என்று ஆணை போட்டால், அது ஆசையை எழுதி அனுப்பியது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆசைக்கும் தராசுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல ஓர் இடம் வேண்டாமா? அந்த இடம்தான் முன்னறிவிப்பு.

இது நமக்குப் புதிதும் இல்லை. கரையை நெருங்கும்போதே படகிலிருந்து வயர்லெஸ்ஸிலோ செல்போனிலோ "இவ்வளவு பாடு" என்று, அதாவது இவ்வளவு மீன் பட்டது என்று சொல்லி, கரையில் இருப்பவர் ஐஸும் கூடையும் தயார் செய்கிற பழக்கம் எத்தனை காலமாக இருக்கிறது! படகு கரைக்குச் சொல்வதைக் கரை கம்பெனிக்குச் சொல்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, அதில் என்ன எழுத வேண்டும்? ஒரு மாதிரியைப் பாருங்கள். எண்கள் நான் போட்டவை. செவ்வாய்க்கிழமை லோடு என்று வைத்துக்கொள்வோம். ஆணை: கணவாய் 600 கிலோ, அவித்த நண்டு 400 கிலோ.

அறிவிப்பு எண் 117. ஆணை எண், வண்டி எண், டிரைவர் செல்பேசி, கதவு முத்திரை எண்.
கிளம்பியது காலை 11.20. சேரும் நேரம் மாலை 4.00.
கணவாய், பெரியது: 11 பெட்டி, நிகர எடை 275 கிலோ.
கணவாய், நடுத்தரம்: 7 பெட்டி, 175 கிலோ.
அவித்த நண்டு: 20 பெட்டி, 400 கிலோ.
மொத்தம் 38 பெட்டி, 850 கிலோ.
கணவாய் குறைவு 150 கிலோ. வியாழன் லோடில் வரும்.

கடைசி வரியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். குறைந்த 150 கிலோ பிறகு வருமா, அல்லது இந்த ஆணை இதோடு முடிந்ததா என்று தெரியாவிட்டால், அங்கே அந்த ஆணை திறந்தபடியே கிடக்கும். திறந்து கிடக்கும் ஆணைக்குப் பணம் போடக் கணக்குப் பிரிவு யோசிக்கும். நான் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்த பிறகுதான் இது தெரிந்தது. "மீதியை அனுப்புவார்கள் போலிருக்கிறது, சேர்த்தே முடிக்கலாம்" என்று ஒரு பில்லைத் தூக்கி ஓரமாக வைப்பார்கள். அது அங்கேயே 40 நாள் தூங்கும்.

நிகர எடை என்று எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? ஐஸோடு தூக்கிப்போட்ட எடையை எழுதினால் வம்பு. ஐஸ் உருகும், தண்ணீர் வடியும். அவித்த நண்டும் ஆற ஆற நீர் விட்டு எடை இறங்கும். இங்கே தராசில் 20 கிலோ காட்டிய பெட்டி அங்கே 19.6 காட்டும். இது திருட்டும் இல்லை, தராசுக் கோளாறும் இல்லை. அதனால் முதல் லோடுக்கு முன்பே, எத்தனை சதவீதம் வரை எடை வித்தியாசத்தைக் கேள்வி கேட்காமல் ஏற்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சில் "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்வார்கள். பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

மண்டபம், பாம்பன் பக்கம் கடல்பாசி வளர்க்கிறவர்களுக்கு இதே தொல்லை தலைகீழாக வரும். காய்ந்த பாசி காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். இரவு பனியில் மூடாமல் கிடந்த மூட்டை காலையில் எடை கூடியிருக்கும். வாங்குகிறவர் ஈரப்பதம் பார்த்து விலையைக் குறைப்பார். மூட்டை எண்ணிக்கையோடு ஏற்றும்போது அளந்த ஈரப்பதத்தையும் முன்னறிவிப்பில் எழுதி அனுப்பும் ஒரு மகளிர் குழுவை எனக்குத் தெரியும். அதன் பிறகு அவர்களோடு எடை பற்றித் தகராறு வந்ததே இல்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சும்மாவா சொன்னார்கள்.

சேரும் நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொண்டியிலிருந்து ராமநாதபுரம் வந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துத் தூத்துக்குடி போக நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. உங்களுக்காவது சாலை நேர்ச்சாலை. ராமேஸ்வரம் தீவிலிருந்து லோடு அனுப்புகிறவர்கள் பாம்பன் சாலைப் பாலத்தைத் தாண்ட வேண்டும். தை அமாவாசை, ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை நாட்களில் நாடெங்கிலும் இருந்து வரும் வண்டிகள் அந்த ஒரே சாலையில்தான் அடைத்துக்கொண்டு நிற்கும். பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் சேரும் நேரம் எழுதியவர் அன்று நாலு மணிக்கு ஒதுக்கிய இடத்துக்கு ஏழு மணிக்குப் போவார். இறக்குமிடத்தில் அவர் நேரம் போய்விட்டிருக்கும். வண்டி தாமதமானால், டயர் வெடித்தால், அதே அறிவிப்பு எண்ணில் திருத்தம் அனுப்ப வேண்டும். புது எண் போட்டு இன்னொன்று அனுப்பினால் அவர்கள் கணினி இரண்டு லாரி வருகிறது என்று நினைத்துக்கொள்ளும். கணினிக்கு நம் சிரமம் தெரியாது.

எப்போது அனுப்புவது? கதவைப் பூட்டி முத்திரை வைத்த பிறகு, வண்டி வாசலைத் தாண்டும் முன்பு. அதற்கு முன் அனுப்பினால், கடைசி நிமிடத்தில் ஏற்றிய இரண்டு பெட்டி அதில் இருக்காது. "சாயங்காலம் கணக்கு எழுதும்போது சேர்த்து அனுப்பிக்கொள்ளலாம்" என்றால் வண்டி அதற்கு முன்பே இறங்கியிருக்கும். நான் வரவுப் பிரிவில் இருந்தபோது, சரக்கு குளிர் அறைக்குள் போன பிறகு வந்து சேர்ந்த முன்னறிவிப்புகளைப் பார்த்திருக்கிறேன். கல்யாணம் முடிந்து வந்த பத்திரிகை மாதிரி.

இனி அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். அது தெரிந்தால்தான் இந்த வேலையில் உங்களுக்கு மனம் ஒட்டும்.

11.20-க்கு வண்டி கிளம்பும்போதே உங்கள் செய்தி விழுகிறது என்று வையுங்கள். இறக்குமிடத்தில் மூன்று லாரிதான் ஒரே நேரத்தில் நிற்கலாம். கணவாய் ஒன்றும் நண்டு இரண்டும் ஒரே நேரத்தில் வருவது தெரிந்தால், நண்டு பிரிக்கும் மேசைக்கு ஆள் கூட்டி, கணவாயைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம். பெரிய கணவாய் 275 கிலோ என்றால், குளிர் அறையில் எந்த அடுக்கு காலி என்று முன்பே பார்த்து வைக்கலாம். தரம் பார்க்கும் ஆளுக்கு 38 பெட்டியில் எந்த நாலைத் திறப்பது என்று பட்டியல் கொடுக்கலாம். லாரி வந்ததும் எண்ணி எழுதத் தேவையில்லை, எழுதியது சரியா என்று பார்த்தால் போதும். எழுதுவதற்கும் சரிபார்ப்பதற்கும் நடுவில் உங்கள் ஐஸ் உருகுகிற நேரம் இருக்கிறது. மே மாத வெயிலில் வாசலில் நின்ற வண்டியை நினைத்துப் பாருங்கள். அது யார் நஷ்டம்?

பிறகு பணம். கணக்குப் பிரிவு மூன்று காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்: கேட்டது, வந்து சேர்ந்தது, பில். மூன்றும் ஒத்துப்போனால் பணம் போகும். ஒன்று இடறினால் நிற்கும். முன்னறிவிப்பிலிருந்தே, வந்து சேர்ந்ததை எழுதும் வரவுச்சீட்டும், அதே எண்களிலிருந்து உங்கள் பில்லும் உருவானால் இடறுவதற்கு இடமே குறைவு. உங்கள் கேள்வியில் லாபம் என்ன என்று கேட்டீர்களே, என் அனுபவத்தில் பெரிய லாபம் இதுதான். மீன் வியாபாரத்தில் லாபம் போவது விலையில் பாதி, பணம் வர ஆகும் நாட்களில் பாதி. படகுக்காரருக்கு நீங்கள் அன்றன்றைக்குக் கொடுத்தாக வேண்டும், இல்லையா?

ஏற்றுமதிச் சரக்கு என்றால் இந்தச் சங்கிலி இன்னும் நீளமானது. தூத்துக்குடியில் உறையவைத்து, பெட்டியிட்டு, குளிர்க் கொள்கலனில் ஏற்றி, வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் கப்பலுக்குச் சேர்க்க வேண்டும். கப்பல் நமக்காக நிற்காது. அமெரிக்காவுக்குக் கடல் வழியாகப் போகும் உணவுச் சரக்கு என்றால், கப்பல் அங்கே சேர்வதற்குக் குறைந்தது 8 மணி நேரம் முன்பே அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகத்துக்கு முன்தகவல் போயிருக்க வேண்டும். விமானம் என்றால் 4 மணி நேரம், தரைவழி லாரி என்றால் 2 மணி நேரம். 2002-இல் அவர்கள் போட்ட சட்டத்திலிருந்து வந்த விதி இது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகும் கடல் மீனுக்குப் பிடிப்புச் சான்றிதழ் வேண்டும். 2010-லிருந்து இந்த நடைமுறை இருக்கிறது. நம் நாட்டில் அதை வழங்குவது கடல் உணவுப் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம். எந்தப் படகு பிடித்தது என்பது அந்தச் சான்றிதழில் இருக்க வேண்டும்.

இங்கேதான் தொண்டிக்காரர் எழுதும் ஒரு வரி கடல் கடந்து போகிறது. நம் மாவட்ட விசைப்படகின் பக்கவாட்டில் எழுதியிருக்குமே, ஐ.என்.டி., டி.என். என்று தொடங்கி, நடுவில் எம்.எம். என்று வரும் ஒரு எண். மோட்டார் வைத்த நாட்டுப்படகு என்றால் எம்.எம். இருக்கும் இடத்தில் எம்.ஓ. அந்த எண்ணை ஏலத்தில் சரக்கு எடுத்த அன்றே பெட்டியோடு சேர்த்துக் குறித்துக்கொண்டால், உங்கள் முன்னறிவிப்பிலேயே அது போய்விடும். குறிக்காவிட்டால் மூன்று வாரம் கழித்துக் கம்பெனியிலிருந்து போன் வரும்: "அந்தச் செவ்வாய்க்கிழமைச் சரக்கு எந்தப் படகு?" ஞாபகத்திலிருந்து ஏதோ ஒரு எண்ணைச் சொல்வீர்கள். அந்தப் படகு அன்று கடலுக்கே போகாமல் சுக்கான் பழுதாகிக் கரையில் கிடந்திருக்கும். அதற்குப் பிறகு நடப்பதை எழுத எனக்கு மனமில்லை.

கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன். பெரிய கம்பெனிகள் தங்களுக்குள் மனிதர் கை படாமல் இந்தச் செய்திகளைக் கணினிக்குக் கணினி அனுப்புகின்றன. அமெரிக்க முறையில் ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு எண்: ஆணை 850, முன்னறிவிப்பு 856, பில் 810. ஐக்கிய நாடுகள் சபை வழியாக வந்த எடிஃபேக்ட் முறையில் முன்னறிவிப்புக்கு டெசாட்வ் என்று பெயர். கூட்டங்களில் யாராவது "எட்டு ஐம்பத்தாறு வந்ததா?" என்று கேட்டால் பயப்படாதீர்கள், இதைத்தான் கேட்கிறார்கள். 856-இன் அமைப்பு நம் ஊர் ஓலைப்பெட்டி மாதிரி ஒன்றுக்குள் ஒன்று: வெளியே முழு லோடு, அதற்குள் ஆணை, அதற்குள் பெட்டிகளை ஏற்றிய பலகை அடுக்கு, அதற்குள் பெட்டி, அதற்குள் பொருள். 997 என்று ஒரு பதிலும் வரும். உங்கள் செய்தி கணினிக்குப் புரிந்தது என்று மட்டும்தான் அதற்குப் பொருள். சரக்கை ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைத்து அந்த நாளே பில்லைப் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

பெட்டிக்கோ அடுக்குக்கோ ஒட்டும் பார்கோடு சீட்டில் 18 இலக்க எண் ஒன்று இருக்கும். ஜி.எஸ்.1 என்ற அமைப்பின் முறை அது. கடைசி இலக்கம் முந்தைய 17-ஐக் கணக்குப் போட்டு வருவது. கையால் தட்டும்போது ஒரு இலக்கம் தவறினால் கணினி உடனே கண்டுபிடித்துவிடும். அங்கே சீட்டில் ஒளியைக் காட்டினால், அந்தப் பெட்டியைப் பற்றி நீங்கள் முன்பே அனுப்பிய விவரம் திரையில் எழும். சீட்டும் முன்னறிவிப்பும் சேர்ந்தால்தான் இதற்குப் பலன். முன்னறிவிப்பு போகாமல் சீட்டு மட்டும் ஒட்டினால், அது வெறும் கோடு.

உங்கள் அளவு வியாபாரத்துக்கு இவ்வளவும் வேண்டாம். கம்பெனி தன் இணையப் பக்கத்தில் ஒரு படிவம் தரும், அல்லது எக்செல் தாள் ஒன்று தரும். செல்போனிலேயே நிரப்பலாம். பார்கோடு சீட்டு ஒட்டச்சொன்னால் அதை அச்சிடும் சிறு இயந்திரத்தை அவர்களையே தரச்சொல்லிக் கேட்டுப் பாருங்கள். ஐஸ் ஈரத்தில் உரியாத சீட்டாக இருக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். சாதாரண சீட்டு பரமக்குடி வெயிலுக்குத் தாங்கும், தெர்மகோல் பெட்டி ஈரத்துக்குத் தாங்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். முன்னறிவிப்பைக் கட்டாயமாக்குகிற கம்பெனி, வரவுச்சீட்டை அன்றைக்கே திருப்பித் தரவும் கட்டாயப்பட வேண்டும். நீங்கள் 38 பெட்டி என்று எழுதியதற்கு எதிரே அவர்கள் எத்தனை எண்ணினார்கள், எத்தனை கிலோ நிறுத்தார்கள், எதைத் தரம் குறைத்தார்கள் என்பது இருட்டுவதற்குள் உங்களுக்கு வர வேண்டும். எடிஃபேக்டிலும் அமெரிக்க முறையிலும் இதற்கென்றே தனிச் செய்தி இருக்கிறது, அவர்களுக்குத் தெரியும். நம்மிடம் நிமிடக் கணக்கில் உண்மையைக் கேட்டுவிட்டு, தங்கள் எடையை மட்டும் பத்து நாள் கழித்துச் சொல்கிற கம்பெனிகளை நான் பார்த்திருக்கிறேன். பத்து நாள் கழித்து "அன்றைக்கு 30 கிலோ குறைந்தது" என்றால் யார் போய் எதைப் பார்ப்பது? அப்படிப்பட்ட இடத்தில் முன்னறிவிப்பு நம் கையைக் கட்டுமே தவிர அவர்கள் கையைக் கட்டாது. பிழைக்குப் பிடித்தம் என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தால், முதல் ஒரு மாதம் பிடித்தம் இல்லாமல் பழகிக்கொள்ள நேரம் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் தருகிறார்கள். கேட்காதவர்களுக்குத்தான் யாரும் தருவதில்லை.

கம்பெனிக்காரர்களுக்கும் ஒன்று சொல்வேன். உங்கள் படிவத்தில் 40 கட்டங்கள் இருக்கின்றன என்றால், மீன் வாடையோடு ஈரக்கையோடு நிற்கிறவர் அதில் 30-ஐப் பொய்யால் நிரப்புவார். பத்துக் கட்டம் போதும். ஆணையிலிருந்து தானாக நிரப்பும் பொத்தானை முதலில் எடுத்துவிடுங்கள். என்னைக் கெடுத்தது அதுதான்.

யார் செய்வது என்ற கேள்வி உங்களிடம் இல்லை, ஆனால் முதல் வாரத்திலேயே வரும். தராசுப் பக்கத்தில் நிற்கிறவர்தான் செய்ய வேண்டும். வீட்டில் கணினி தெரிந்த பிள்ளைக்கு எண்களைப் போனில் சொல்லி எழுதச் சொல்லாதீர்கள். தராசு காட்டியதும் அதே ஆள் அதே இடத்தில் பெட்டி எண்ணும் எடையும் எழுதட்டும், கதவு பூட்டியதும் அவரே அனுப்பட்டும். எங்களிடம் இந்த வேலையை எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவே படித்த ஒரு அக்காதான் செய்தார். என்னைப் போல டீ குடிக்கப் போகும் பழக்கம் அவருக்கு இல்லை. அறிவிப்பு போனதும் வரும் எண்ணை டிரைவர் கையில் இருக்கும் எடைச்சீட்டின் மேல் மூலையில் பெரிதாக எழுதிக் கொடுத்துவிடுங்கள். வாசலில் முதலில் கேட்பது அதைத்தான்.